மனச்சோர்வில் ஞாபகம் ஏன் தடுமாறுகிறது? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: டாக்டர், டிப்ரஷனுக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். ஓடிபியைப் பார்த்துவிட்டு பேங்க் ஆப்புக்குத் திரும்புவதற்குள் பாதி எண் மறந்துபோகிறது. வயது 34தான். மூளை கெட்டுவிட்டதா?

கெட்டுவிடவில்லை, முதலில் அந்தப் பயத்தை விடுங்கள். ஓடிபியை யாரும் மனப்பாடம் செய்வதில்லை, தட்டி முடிக்கும் வரை சில வினாடி பிடித்து வைத்துக்கொள்கிறோம், அவ்வளவுதான். அதைச் செய்வதுதான் வொர்க்கிங் மெமரி. அதில் இடம் ரொம்பக் குறைவு, ஒரே நேரத்தில் நாலைந்து விஷயம் நின்றாலே அதிகம். மனச்சோர்வு வந்தால் அந்தக் கொஞ்ச இடத்திலும் ‘மேனேஜர் ஏன் அப்படிப் பேசினார், எல்லாம் என்னால்தான்’ என்று ஏதாவது ஒன்று வந்து உட்கார்ந்துகொண்டு நகர மறுக்கும். உளவியலாளர்கள் யூட்டா யோர்மன், இயன் காட்லிப் இருவரும் 2008இல் வெளியிட்ட ஆய்வில் இதைத்தான் பார்த்தார்கள்: ‘இந்தச் சொற்கள் இனி வேண்டாம்’ என்று சொன்ன பிறகும், மனச்சோர்வு உள்ளவர்களின் மனதிலிருந்து சோகமான சொற்கள் சீக்கிரம் வெளியேறவில்லை.

கேள்வி: ஸ்கேன் எடுத்தால் தெரியுமா? வீட்டில் யாரும் நம்பமாட்டேன் என்கிறார்கள்.

தெரியாது. வேறு நோய் இல்லை என்று உறுதிசெய்ய சில சமயம் ஸ்கேன் எடுப்போம், ஆனால் ‘இவருக்கு மனச்சோர்வு’ என்று சொல்கிற ஸ்கேன் இன்று வரை கிடையாது. ஆய்வுகளில் வருவதெல்லாம் ஒரு குழுவின் சராசரி. ஆனாலும் உங்கள் வீட்டாருக்குப் படித்துக்காட்ட ஒன்று இருக்கிறது. பிரான்சில் நடந்து 2005இல் வெளியான ஓர் ஆய்வில் திரையில் எழுத்துகளை ஒவ்வொன்றாகக் காட்டி, இப்போது வந்ததும் இரண்டு எழுத்துக்கு முன்னால் வந்ததும் ஒன்றா என்று கேட்டார்கள், மூன்று வரைக்கும் போனார்கள். மனச்சோர்வு உள்ளவர்களும் மற்றவர்களுக்குச் சமமாகவே செய்தார்கள். ஆனால் ஸ்கேனில் பார்த்தால், அதே மதிப்பெண்ணுக்கு அவர்களுடைய முன்மூளை அதிகமாக உழைத்திருந்தது! சாயங்காலம் ஆபீஸிலிருந்து வந்து ‘ஒன்றுமே செய்யவில்லை, ஆனால் முடியவில்லை’ என்று படுத்துவிடுகிறவரைச் சோம்பேறி என்று திட்டுவதற்கு முன்னால் இதை யோசிக்க வேண்டும். எல்லா ஆய்வும் இப்படியே சொல்லவில்லை, சிலவற்றில் முன்மூளையின் இடப்பக்கம் மந்தமாகவே இருந்தது. அப்புறம், நாம் சும்மா இருந்து நம்மைப் பற்றியே யோசிக்கும்போது விழித்திருக்கும் ஒரு வலைப்பின்னல் மூளையில் உண்டு. வேலையில் இறங்கியதும் அது அடங்க வேண்டும், மனச்சோர்வில் பலருக்குச் சரியாக அடங்குவதில்லை.

கேள்வி: அம்மா போன பிறகு அப்பாவுக்கு (68) மறதி அதிகம். டிமென்ஷியாவா?

இரண்டும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும், வீட்டிலிருந்தே முடிவுகட்டாதீர்கள். மனச்சோர்வில் ‘எனக்கு ஞாபகமே இல்லைப்பா’ என்று பெரும்பாலும் அவரே புலம்புவார். டிமென்ஷியாவில் அநேகமாக வீட்டார்தான் முதலில் கவனிப்பார்கள், அவர் சமாளிக்கப் பார்ப்பார். இது துப்புதான், தீர்ப்பு இல்லை. தைராய்டு, பி12 இரண்டையும் பரிசோதியுங்கள். வயதான பிறகு முதல்முறையாக வரும் மனச்சோர்வு சிலருக்கு டிமென்ஷியாவின் முன்னறிவிப்பாகவும் இருக்கும் என்பதால், மனம் தேறிய பிறகும் டாக்டரிடம் காட்டிக்கொண்டே இருங்கள்.

கேள்வி: மூளைப் பயிற்சி ஆப் உதவுமா?

அந்த விளையாட்டில் கெட்டிக்காரர் ஆவீர்கள். அன்றாட மறதிக்கு அதை நம்பிப் பணம் கட்ட வேண்டாம்.

கேள்வி: என் கணவருக்கு மனது இப்போது பரவாயில்லை, மறதி மட்டும் போகவில்லை. மாத்திரையை நிறுத்தலாமா?

திடீரென்று நிறுத்தவே கூடாது. மனம் தேறிய பிறகும் கவனமும் ஞாபகமும் பின்தங்கி வருவது சகஜம். தூக்க மாத்திரையும் சில பழைய மாத்திரைகளும் மந்தத்தைக் கூட்டும், எழுதிக்கொடுத்த டாக்டரிடம் பேசி மாற்றிக்கொள்ளலாம். அதுவரை ஒரு நேரத்தில் ஒரு வேலை மட்டும் சொல்லுங்கள், வாயால் சொல்வதைவிட வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள், ‘உங்களுக்கு அக்கறையே இல்லை’ என்று மட்டும் சொல்லாதீர்கள் அம்மா. வாழ்வதில் அர்த்தமில்லை என்பதுபோல எப்போதாவது பேசினால் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்க வேண்டாம், அவரைத் தனியே விடாதீர்கள். அரசின் மனநல உதவி எண் டெலிமானஸ் 14416, நள்ளிரவிலும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.