பதில்: வார்சாவில் விருந்துக்கு மலிவு ஆப்பிள் ஒயின் கொண்டுபோகலாமா?

மேலாளர் வீட்டு விருந்துக்கு, கடையில் சில ஸ்வாட்டிக்குக் (போலந்து நாணயம்) கிடைக்கும் ஆப்பிள் ஒயின் போதுமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். விலைக்காகச் சொல்லவில்லை. போலந்தில் அதற்கு 'யபோல்' என்று பட்டப்பெயர். பழச்சாற்றோடு சர்க்கரையைத் தாராளமாகச் சேர்த்துப் புளிக்கவைத்து, கெடாமலிருக்கக் கந்தகம் சேர்ப்பார்கள். அந்த நெடியை வைத்தே கேலிப்பெயர்கள் உண்டு. கம்யூனிச ஆட்சிக் காலத்தில் கையில் காசில்லாத மாணவர்களும் 80களின் பங்க் இசைப் பிரியர்களான இளைஞர்களும் பூங்கா பெஞ்சில் பாட்டிலை வாய்க்கு வாய் மாற்றிக் குடித்தது இதைத்தான். கடைவாசல் குடிகாரர் என்றாலே இன்றும் கையில் இந்தப் பாட்டிலோடுதான் நினைப்பார்கள். நடுவயதுக்காரர்கள் அதைப் பற்றிச் சிரித்துச் சிரித்துப் பேசுவார்கள், ஆனால் விருந்தாளி கொண்டுவந்தால் முழிப்பார்கள்.

உள்ளூர்ச் சரக்குதான் வேண்டுமென்றால் தேன் மது வாங்குங்கள். 'துருய்னியாக்' வகை ஒரு பங்கு தேனுக்கு இரண்டு பங்கு தண்ணீர், கௌரவமான பரிசு. நல்ல சைடரும் (ஆப்பிள் சாற்றைப் புளிக்கவைத்த மென்மையான மது) சரி. பூ வாங்கினால் ஒற்றைப்படையில்; இரட்டைப்படை இறுதிச் சடங்குக்கு.

யபோலை ருசி பார்க்க ஆசையா? வீட்டிலேயே பாருங்கள். பூங்காவில் குடித்தால் 100 ஸ்வாட்டி அபராதம், பாட்டில் விலையைவிடப் பல மடங்கு.