விளம்பரம் ஜெர்மனில் இருந்தால்

தம்பி, ஸ்டுட்கார்ட்டில் ஒரு வேலை, விளம்பரம் முழுக்க ஜெர்மனில், ஆங்கிலத்தில் விண்ணப்பிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே வாடகை, அரிசி பருப்பு. அரிசி கிடைக்கும். வாடகையைக் கேட்காதீர்கள், வயிறு எரியும்.

விளம்பரம் எந்த மொழியிலோ விண்ணப்பமும் அந்த மொழியில்தான். ஆங்கிலத்திலும் அனுப்பலாம் என்று அவர்களே எழுதியிருந்தாலொழிய. 'பன்னாட்டு நிறுவனம்தானே, ஆங்கிலம் போதும்' என்று பெர்லினில் கணினி வேலை பார்க்கும் நம்மவர்கள் சொல்வார்கள். பத்து வருடமாகியும் ரொட்டிக் கடையில் விரலை நீட்டிக் காட்டுகிறவர்கள் அவர்கள். அந்தப் பேச்சை நம்பி 2011இல் நாற்பது கம்பெனிகளுக்கு ஆங்கிலத்தில் அனுப்பினேன். வந்த பதில்களிலெல்லாம் 'லைடர்' என்றொரு சொல். 'துரதிர்ஷ்டவசமாக' என்று பொருள். நான் அகராதி பார்த்துக் கற்ற முதல் ஜெர்மன் சொல் அது.

விளம்பரத்தின் சொற்களையே எடுத்தாளுங்கள். அவர்கள் தர உறுதிப்பாட்டை 'க்வாலிட்டேட்ஸ்ஸிஷருங்' என்றால் நீங்கள் ஆங்கிலத்தில் 'குவாலிட்டி' என்று எழுதாதீர்கள். அவர்கள் 'ஸீ' என்று மரியாதையாக அழைத்திருந்தால் நீங்கள் 'டூ' போட வேண்டாம். நீ, நீங்கள் வித்தியாசம் நமக்குச் சொல்லித் தரவா வேண்டும்? சுவிட்சர்லாந்துக்கு அனுப்பினால் எஸ்ட்ஸெட் (ß) என்ற ஜெர்மன் எழுத்தை விட்டு இரண்டு எஸ் போடுங்கள், அங்கே அது புழக்கத்தில் இல்லை.

ஆனால் எல்லாவற்றையும் அப்படியே பெயர்த்து எழுதிவிடாதீர்கள். வேலையின் பெயருக்குப் பின்னால் எம், வே என்று இருக்கும், ஆண் பெண் இருவரும் விண்ணப்பிக்கலாம் என்பதன் சுருக்கம். இப்போது மூன்றாம் பாலினத்தவரைக் குறிக்கும் டே-யும் சேர்ந்திருக்கிறது. நான் அதையும் பொருள் வரியில் எழுதி அனுப்பினேன், நான் ஆணா பெண்ணா என்பதை அவர்களே முடிவு செய்துகொள்ளட்டும் என்பதுபோல!

இன்னொன்று, ஜெர்மனில் இடைநிலையான பி1 படித்துவிட்டு, உயர்நிலையான சி1 என்று போடாதீர்கள். ஜெர்மன் நன்றாகத் தெரிந்த நண்பர் ஒருவர் எனக்கு அருமையான கடிதம் எழுதிக் கொடுத்தார். உடனே நேர்காணலுக்கு அழைத்தார்கள். வழி சிரமமில்லாமல் கிடைத்ததா என்றார் ஓர் அம்மையார். "யா, டாங்கெ" என்றேன். ஆமாம், நன்றி. காப்பியா, தண்ணீரா என்றார். அதற்கும் "யா, டாங்கெ". இரண்டையும் கொண்டுவந்து வைத்தார். பக்கத்திலிருந்த அதிகாரி என் கடிதத்தை எடுத்து மறுபடி படித்தார், சிரிக்கவில்லை. நான் தண்ணீரைக் குடித்தேன், காப்பி ஆறிப்போனது.

மூன்றாம் நாள் லைடர் வந்தது. அந்த வாரமே மாலை வகுப்பில் சேர்ந்தேன்.