ஸ்பேம் மெயிலில் வந்த ஃபைலைத் திறந்தால் கம்ப்யூட்டருக்கு ஆபத்தா?

கேட்டவர் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். முன்பின் தெரியாத பையர் பெயரில் 'பர்ச்சேஸ் ஆர்டர்' என்று ஒரு ஜிப் ஃபைல் வந்திருக்கிறது. பிரித்து, உள்ளே இருந்ததை இரண்டு முறை தட்டியிருக்கிறார். "ஸ்கிரீன் லேசா மினுங்குச்சுங்க, அப்புறம் ஒன்னுமே ஆகலை. அப்படியே விட்டுடலாமுங்களா?" என்று கேட்கிறார்.

விட்டுடாதீங்க. ஒன்றுமே ஆகாததுதான் எனக்கு இடிக்கிறது. நிஜமான ஆர்டராக இருந்தால் ஸ்டைல் நம்பரோ சைஸ் வாரியான அளவோ போட்ட ஒரு பக்கமாவது திறந்திருக்க வேண்டும். தட்டியும் எதுவும் திறக்கவில்லை என்றால், உங்கள் கண்ணுக்குத் தெரியாமல் ஏதோ ஓடியிருக்க வாய்ப்பு அதிகம்.

இங்கே சுற்றுவட்டாரத்தில் பனியன் கம்பெனிகளுக்கும் சில ஆடிட்டர் ஆபீஸ்களுக்கும் கம்ப்யூட்டர் பார்த்துக்கொடுப்பது என் பிழைப்பு. "தெரியாத மெயிலைத் திறக்காதீங்க" என்று எல்லோரும் சொல்கிறார்கள். மெர்ச்சண்டைசருக்கு அதனால் என்ன பிரயோஜனம்? தெரியாத பையரிடமிருந்து வரும் மெயிலைத் திறப்பதுதானே அவர் வேலை! ஆகவே எதைத் திறந்தால் என்ன ஆகும் என்று பிரித்துப் பார்ப்பதுதான் உருப்படியான வழி.

மெயிலை வாசிப்பதால் மட்டும் பெரும்பாலும் ஒன்றும் வராது. அவுட்லுக்கில் மெயில் வந்து சேர்ந்தாலே போதும், யாரும் தொட வேண்டாம் என்கிற அளவுக்கு ஒரு ஓட்டை இருந்து, 2023 மார்ச்சில் அதை அடைத்தார்கள். அப்படிப்பட்டவை அபூர்வம். ஃபைலை டவுன்லோடு செய்து தொடாமல் வைத்திருந்தாலும் பொதுவாகப் பிரச்சினை இல்லை. திறக்கும்போதுதான் கதை ஆரம்பிக்கிறது, அதிலும் அது என்ன வகை ஃபைல் என்பதைப் பொறுத்து.

ஃபைல் பெயரின் கடைசியில் எக்ஸ்இ, ஜேஎஸ், விபிஎஸ், எல்என்கே என்று இருந்தால் அது ஆவணமே அல்ல. தட்டினால் ஓடும், சொன்னதைச் செய்யும். ஆனால் விண்டோஸ் அந்தக் கடைசி எழுத்துகளைத் தானாகவே மறைத்துவிடுகிறது. 'ஆர்டர்.பிடிஎஃப்.எக்ஸ்இ' என்பது உங்களுக்கு 'ஆர்டர்.பிடிஎஃப்' என்று மட்டும் தெரியும், ஐகானும் பிடிஎஃப் மாதிரியே இருக்கும். 2000 மே மாதம் உலகத்தையே ஒரு ஆட்டு ஆட்டிய 'ஐ லவ் யூ' வைரஸ் இதே வித்தையில்தான் பரவியது. காதல் கடிதம் என்று நினைத்துத் தட்டியவர்களுக்கு டிஎக்ஸ்டி என்பது மட்டும் தெரிந்தது, அதன் பின்னால் இருந்த விபிஎஸ் தெரியவில்லை. இத்தனை வருஷம் கழித்தும் மைக்ரோசாஃப்ட் அந்த வசதியை மாற்றாமல் வைத்திருப்பது எனக்குப் புரியாத விஷயம். ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் 'வியூ' பகுதிக்குப் போய் 'ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்' என்பதை டிக் செய்துவிடுங்கள். புதுக் கம்ப்யூட்டர் எதைத் தொட்டாலும் நான் முதலில் செய்வது அதுதான்.

வேர்டு, எக்செல் ஃபைல் என்றால் முன்பெல்லாம் மேக்ரோவை, அதாவது ஃபைலுக்குள்ளேயே ஒளிந்திருக்கும் குட்டி நிரலை, சொல்லி எச்சரிப்போம். 'எனேபிள் கன்டென்ட்' என்ற மஞ்சள் பட்டையை அமுக்கினால்தான் அது ஓடும். இணையத்திலிருந்து வரும் ஃபைல்களில் மேக்ரோவை 2022ல் மைக்ரோசாஃப்ட் தடுத்த பிறகு அந்த ரூட் குறைந்துவிட்டது. ஆனால் நம் ஊர் ஆபீஸ்களில் நான் பார்ப்பது வேறு. யாரோ எப்போதோ போட்டுக்கொடுத்த ஆஃபீஸ் 2007, 2010, அதுவும் அப்டேட்டே ஆகாத திருட்டுக் காப்பி. வேர்டில் கணிதச் சமன்பாடு எழுத 'ஈக்வேஷன் எடிட்டர்' என்று ஒரு பழைய நிரல் ஒட்டிக்கொண்டிருந்தது. அதில் பதினேழு வருஷமாக ஒரு ஓட்டை இருந்ததைக் கண்டுபிடித்து 2017 நவம்பரில் அடைத்தார்கள், 2018 ஜனவரியில் அந்த நிரலையே எடுத்துவிட்டார்கள். அப்டேட் செய்யாத கம்ப்யூட்டரில் அது இன்னும் உட்கார்ந்திருக்கிறது. அதைக் குறிவைத்த ஃபைல் வந்தால் மேக்ரோவும் வேண்டாம், மஞ்சள் பட்டையும் வேண்டாம். திறந்தாலே போதும். "நான் எதையும் அமுக்கலீங்களே" என்று சொல்பவர்கள் சில சமயம் உண்மையைத்தான் சொல்கிறார்கள்.

ஜிப்புக்கும் இதே கதைதான். ஜிப்பைப் பிரிக்கப் பலர் வைத்திருக்கும் வின்ரார் தானாக அப்டேட் ஆகாது. 6.23க்கு முந்தைய பதிப்பு என்றால், உள்ளே படம் மாதிரி தெரிவதைத் தட்டினாலே வேறொன்று ஓடும்படி செய்ய முடிந்தது. இன்னொன்று, பாஸ்வேர்டு போட்ட ஜிப்பை அனுப்பி, அந்தப் பாஸ்வேர்டை மெயிலிலேயே எழுதியிருந்தால் உஷாராகிவிடுங்கள். பூட்டிய பெட்டிக்குள் எட்டிப் பார்க்க முடியாத மாதிரி, மெயில் சர்வரின் ஸ்கேனர் உள்ளே பார்க்கக் கூடாது என்பதற்காகவே அப்படி அனுப்புகிறார்கள்.

சரி, ஓடிவிட்டது என்றால் என்ன கெடும்? கம்ப்யூட்டர் புகை விடும், ஸ்கிரீனில் மண்டை ஓடு வரும் என்று நினைக்கிறோம். ரேன்சம்வேர் என்றால் ஏறக்குறைய அப்படித்தான்: டேலி டேட்டா உட்பட எல்லா ஃபைலையும் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும். 'டி டிரைவில் பேக்கப் இருக்குதுங்க' என்பார்கள். அதே கம்ப்யூட்டரின் டி டிரைவையும் சேர்த்துத்தான் பூட்டும், நெட்வொர்க்கில் ஷேர் செய்த ஃபோல்டரையும் விடாது. கழற்றி பீரோவில் வைத்த ஹார்ட் டிஸ்க்தான் பேக்கப்.

ஆனால் 'பர்ச்சேஸ் ஆர்டர்' என்ற பெயரில் வருபவற்றில் ஏஜென்ட் டெஸ்லா, ஃபார்ம்புக் போன்ற திருட்டு நிரல்கள் சகஜம். இவை எதையும் கெடுக்காது. பிரௌசரிலும் அவுட்லுக்கிலும் சேமித்த பாஸ்வேர்டுகளை அள்ளும், நீங்கள் தட்டச்சு செய்வதைக் குறித்துக்கொள்ளும், சத்தமில்லாமல் அனுப்பிவிடும். கம்ப்யூட்டர் முன்னைப் போலவே ஓடும். அதற்குப் பிறகு ஒருத்தன் உங்கள் மெயில்பாக்ஸில் உட்கார்ந்து வாசிக்கிறான்: எந்த பையர், எந்த ஷிப்மென்ட், எவ்வளவு தொகை, என்றைக்குப் பேமென்ட். சரியான நேரத்தில் உங்கள் நடையிலேயே பையருக்கு ஒரு மெயில் போகும், 'எங்கள் பேங்க் அக்கவுண்ட் மாறிவிட்டது' என்று. எனக்குத் தெரிந்த ஒரு ஏற்றுமதிக்காரருக்கு இப்படித்தான் ஒரு கன்டெய்னர் பணம் வேறு நாட்டு அக்கவுண்டுக்குப் போனது. சரக்கு போய்ச் சேர்ந்தது, பையரும் பணம் கட்டிவிட்டார், இவருக்கு மட்டும் வரவில்லை. மனுசன் கடைசி வரைக்கும் "கம்ப்யூட்டர் நல்லாத்தானுங்க இருந்துச்சு" என்றே சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆகவே நீங்கள் இப்போதே செய்ய வேண்டியது: அந்தக் கம்ப்யூட்டரின் நெட் வயரைப் பிடுங்குங்கள், வைஃபையை அணையுங்கள். பேக்கப் ஹார்ட் டிஸ்க்கை அதில் சொருகாதீர்கள். பாஸ்வேர்டு மாற்றுவதை அதே கம்ப்யூட்டரில் செய்தால் புதுசும் அவனுக்குத்தான் போகும். உங்கள் போனில் மாற்றுங்கள், முதலில் மெயில், அடுத்து பேங்க். மெயிலில் இரட்டைச் சரிபார்ப்பு வையுங்கள், எல்லாச் சாதனங்களிலும் லாக்அவுட் செய்யுங்கள். பலர் மறப்பது ஒன்று: மெயில் செட்டிங்கில் ஃபார்வர்டிங்கும் ஃபில்டரும் பாருங்கள். உங்களுக்கு வருவதெல்லாம் இன்னொரு முகவரிக்கும் போகும்படி அவன் வைத்திருந்தால், பாஸ்வேர்டு மாற்றியும் பிரயோஜனமில்லை.

ஆன்டிவைரஸ் 'ஒன்றும் இல்லை' என்று சொன்னாலும் நான் நம்பமாட்டேன். தட்டியது ஓடியிருக்கிறது என்று சந்தேகம் வந்தாலே டேட்டாவை மட்டும் எடுத்துக்கொண்டு விண்டோஸைப் புதிதாகப் போட்டுவிடுவேன். அந்த ஃபைலை, பல ஆன்டிவைரஸ்களை வைத்து ஒரே நேரத்தில் சோதிக்கும் வைரஸ்டோட்டல் என்ற வெப்சைட்டில் ஏற்றிப் பார்க்கலாம், ஆனால் அங்கே ஏற்றுவதை மற்றவர்களும் எடுக்க முடியும். நிஜமான பையரின் டெக் பேக்கை (டிசைன், அளவு விவரம் உள்ள ஃபைலை) எல்லாம் அதில் போட்டுச் சோதிக்காதீர்கள்.

பணம் ஏற்கெனவே போயிருந்தால் சைபர் மோசடிப் புகாருக்கான 1930க்கு உடனே கூப்பிடுங்கள், கூடவே உங்கள் பேங்க்கையும் பையரின் பேங்க்கையும். நேரம் போகப் போகப் பணம் கைமாறிவிடும்.

கடைசியாக, உங்கள் பையர்களுக்கும் டையிங் யூனிட், ஆடிட்டர் ஆபீஸுக்கும் இன்றைக்கே போன் போட்டுச் சொல்லுங்கள். 2021 ஜனவரியில் ஐரோப்பியப் போலீஸ் முடக்கிய எமோடெட் என்ற நாச நிரல், திருடிய மெயில்பாக்ஸில் ஏற்கெனவே நடந்துகொண்டிருந்த பேச்சுக்கே பதில் போடுகிற மாதிரி அடுத்தவருக்கு வைரஸ் அனுப்பியது. உங்கள் பெயரில் இன்வாய்ஸ் வந்தால் அவர்கள் யோசிக்காமல் திறப்பார்கள். அக்கவுண்ட் நம்பர் மாறியதாக மெயில் வந்தால், மெயிலில் இருக்கும் நம்பருக்கு இல்லாமல் பழைய நம்பருக்கே கூப்பிட்டுக் கேட்கச் சொல்லுங்கள்.