ராஜாஜியும் விற்பனை வரியும்: ஒரு கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ராஜாஜி தொடங்கிய சுதந்திராக் கட்சி பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். அரசு அளவோடு செலவழிக்க வேண்டும், மக்கள் மேல் வரியை ஏற்றக்கூடாது என்று ராஜாஜி கடைசிவரை வாதாடினார் என்று எழுதியிருக்கிறீர்கள். நான் ஈரோட்டில் ஜவுளி வியாபாரம் செய்கிறேன். என் தாத்தா காலத்திலிருந்தே எங்கள் கடையில் ராஜாஜி என்றால் விற்பனை வரியைக் கொண்டுவந்தவர் என்றுதான் பேச்சு. ஆட்சியில் இருந்தபோது புதிய வரி போட்டுவிட்டு, எதிர்க்கட்சிக்கு வந்தபின் வரியைக் குறை சொன்னவரை எப்படிச் சிக்கனவாதி என்று பாராட்டுகிறீர்கள்?

ஒரு வாசகர், ஈரோடு

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் தாத்தா சொன்னது சரி. 1939இல் சென்னை மாகாணத்தின் பிரதமராக இருந்த ராஜாஜிதான் (அன்று முதல்வரை அப்படித்தான் அழைத்தார்கள்) பொது விற்பனை வரியைச் சட்டமாக்கினார். இந்தியாவில் வேறெந்த மாகாணத்திலும் அதற்குமுன் அப்படியொரு பொது வரி இல்லை. வணிகர்கள் கொதித்தார்கள். என் கட்டுரையில் இதைச் சொல்லாமல் விட்டது என் பிழை.

ஆனால் அந்த வரி வந்த காரணத்தையும் பார்க்க வேண்டும். 1937 அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு தொடங்கியது. அடுத்த இரண்டு ஆண்டுகளில் சித்தூர், கடப்பை, வட ஆற்காடு என்று அது விரிந்தது. அன்றைய மாகாண அரசுக்கு நிலவரியும் கள், சாராயத்தின் மீதான கலால் வரியும்தான் இரண்டு பெரிய தூண்கள். அதில் ஒன்றை அவரே தெரிந்து சாய்த்தார். சாய்த்த இடத்தில் கடனை நிறுத்தவில்லை; விற்பனை வரியை நிறுத்தினார். விகிதம் நூறு ரூபாய்க்கு ஒரு ரூபாய்க்கும் குறைவு.

வரியே கூடாது என்று ராஜாஜி சொன்னதில்லை. பணம் யாரிடமிருந்து, எந்த வழியில் வருகிறது என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. கூலிக்காரரின் அன்றாடக் கூலி கள்ளுக்கடையில் கரைந்து, அது கஜானாவுக்கு வந்து சேர்வதை வருமானம் என்று எழுத அவர் மனம் ஒப்பவில்லை. அதைவிட, கணக்கெழுதும் வணிகரிடம் சட்டம் போட்டு வெளிப்படையாகக் கேட்பது மேல் என்று முடிவெடுத்தார். அந்த முடிவை இன்றும் நான் மதிக்கிறேன்.

பின்னாளில் அவர் பற்றாக்குறை நிதியை (வரவை மீறிச் செலவழித்து, கடன் வாங்கியோ நோட்டு அச்சிட்டோ ஈடுகட்டுவதை) அவ்வளவு கடுமையாக எதிர்த்ததற்கும் இதே மனம்தான் காரணம் என்று நினைக்கிறேன். 1959இல் சுதந்திராக் கட்சி ஏற்ற 21 கொள்கைகளில், நசுக்கும் வரிவிதிப்பும், அளவுமீறிய பற்றாக்குறை நிதியும், நாடு திருப்பிக் கொடுக்க முடியாத வெளிநாட்டுக் கடனும் ஒரே மூச்சில் எதிர்க்கப்படுகின்றன. சட்டமன்றத்தில் விவாதித்துப் போடும் வரியை மக்கள் பார்க்கிறார்கள், எதிர்த்துப் பேசுகிறார்கள். நோட்டு அச்சிட்டுச் செலவழித்தால் விலை ஏறுகிறது. ஓய்வூதியக்காரரும் விவசாயக் கூலியும் யார் எடுத்தார்கள் என்றே தெரியாமல் இழக்கிறார்கள். பதவி போனபின் மாறியவர் என்பதும் பொருந்தாது. 1952இல் முதலமைச்சராக வந்த சில மாதங்களிலேயே உணவுக் கட்டுப்பாட்டையும் ரேஷனையும் நீக்கியவர் அவர். 'பர்மிட் லைசென்ஸ் ராஜ்' (எதற்கும் அரசு அனுமதி வேண்டும் என்ற ஆட்சிமுறை) என்று பின்னாளில் அவர் சாடியதை அப்போதே செயலில் எதிர்த்திருந்தார்.

அவருடைய சிக்கனம் தவறிய இடம் வேறு. நீங்கள் அதைக் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லியாக வேண்டும். 1953இல் கிராமத்துத் தொடக்கப் பள்ளி நேரத்தை ஒரு வேளையாகக் குறைத்தார். அதே கட்டடம், அதே ஆசிரியர். காலையில் ஒரு பிரிவு, பிற்பகலில் ஒரு பிரிவு. பெரிய செலவில்லாமல் கூடுதல் பிள்ளைகளைச் சேர்த்துவிடலாம் என்பது கணக்கு. மிச்ச நேரத்தில் பிள்ளை பெற்றோரின் தொழிலைப் பழக வேண்டும். சாதியே தொழிலாக இருந்த ஊரில் அதற்கு என்ன பொருள்? சலவைத் தொழிலாளியின் மகன் துணி துவைக்கும் துறைக்குத் திரும்ப வேண்டும் என்பதுதான். குலக்கல்வி என்று பெரியாரும் தி.மு.க.வும் எதிர்த்தது முழுக்க நியாயம். 1954 ஏப்ரலில் காமராஜர் வந்ததும் அத்திட்டம் கைவிடப்பட்டது. நிதியமைச்சர் மாறவில்லை, அதே சி. சுப்பிரமணியம்தான். அப்படியும் பள்ளிகள் பெருகின. 1956இல் மதிய உணவும் வந்தது. ஏழைப் பிள்ளைக்குச் செலவழிப்பதைச் செலவு என்ற பத்தியில் மட்டுமே எழுதியது ராஜாஜியின் பெரிய பிழை.

விற்பனை வரிக்குத் திரும்புகிறேன். 1971இல் மதுவிலக்கை ஒத்திவைக்க தி.மு.க. அரசு முடிவு செய்தபோது, 92 வயதில் ராஜாஜி முதலமைச்சர் கருணாநிதியை வீட்டுக்கே சென்று பார்த்து, வேண்டாம் என்று மன்றாடினார். அரசு நிதி நெருக்கடியைச் சொன்னது. ஆகஸ்ட் இறுதியில் மதுவிலக்கு விலகியது. மதுவுக்கு மாற்றாக வந்த விற்பனை வரி மட்டும் போகவில்லை. 2007இல் அது மதிப்புக் கூட்டு வரியானது. 2017இல் உங்கள் ஜவுளி ஜிஎஸ்டிக்குள் போனது, மது போகவில்லை; அது மதிப்புக் கூட்டு வரியிலேயே நின்றது. மதுப் பணமே வேண்டாம் என்று அவர் கொண்டுவந்த அந்த வரியின் வாரிசு இன்று டாஸ்மாக் கடையில் விற்கும் ஒவ்வொரு பாட்டிலிலும் வசூலாகிறது. எனக்கு இது ஆறாத வருத்தம். உங்கள் கடையில் மறுபடி ராஜாஜி பேச்சு வந்தால், இதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்