ஸ்பானிஷ் வகுப்பில் ஏன் சினிமா போடுகிறார்கள்?

கேட்டல் திறன் என்பது காதில் விழும் ஒலியோட்டத்தைச் சொற்களாகப் பிரித்துப் புரிந்துகொள்வது. பாடநூல் ஒலிப்பதிவில் சொற்கள் நிறுத்தி நிதானமாக வரும். நிஜப் பேச்சில் அப்படி வராது. நண்பர்களைக் குறிக்கும் 'லோஸ் அமீகோஸ்' ஒட்டிக்கொண்டு 'லொசமீகோஸ்' ஆகும். '-க்காக' என்று பொருள்படும் 'பாரா' வெறும் 'பா' ஆகும். கியூபாவிலும் தெற்கு ஸ்பெயினின் ஆண்டலூசியாவிலும் சொல்லின் கடைசி 'ஸ்' மூச்சுக்காற்றாகத் தேய்ந்துவிடும். 'வந்துகொண்டிருக்கிறேன்' என்று தமிழ் படித்தவர் தெருவில் 'வந்துட்டிருக்கேன்' கேட்டுத் திகைப்பாரே, அதே கதைதான்.

சினிமாவில் இந்தப் பேச்சோடு முகபாவமும் சூழலும் சேர்ந்து வருவதால் ஊகிக்க ஒரு பிடி கிடைக்கிறது. என்னைக் கேட்டால், மூன்று நிமிடக் காட்சி ஒன்றே போதும்: முதலில் சப்டைட்டில் இல்லாமல், பிறகு ஸ்பானிஷ் சப்டைட்டிலோடு, மறுபடி இல்லாமல்.

தாய்மொழி சப்டைட்டிலோடு முழுப் படமும் பார்த்தால் காது பழகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்போது பெரும்பாலும் உழைப்பது கண்தான்.