டென்னிஸ் வீரர் ஆண்டி மர்ரேவுக்கு, கோச்சாக வந்த முன்னாள் வீரர் இவான் லெண்டில் அப்படி என்ன சொல்லிக்கொடுத்தார்? உம்மென்று உட்கார்ந்திருக்கவா சம்பளம்?

2013 விம்பிள்டன் இறுதியின் கடைசி கேமை மட்டும் பார்த்துவிட்டுக் கேட்கிறீர்கள் போல. 40-0 இருந்தும் மூன்று சாம்பியன்ஷிப் பாயிண்டையும் (எடுத்தால் பட்டம்) மர்ரே விட்டார், எதிராளி ஜோகோவிச்சுக்கு பிரேக் பாயிண்ட், அதாவது மர்ரே சர்வ் போட்ட அந்த கேமையே பறிக்கும் வாய்ப்பு வேறு கிடைத்தது, லெண்டில் அசையவில்லை. அசைந்தும் பயனில்லை. அன்றைய விதிப்படி கேலரியிலிருந்து சைகை காட்டினாலே எச்சரிக்கை வரும். ஆண்கள் டூரில் 2022 ஜூலையில்தான் அதைச் சோதனை முறையில் அனுமதித்தார்கள். கோச்சின் வேலை எல்லாம் பயிற்சிக் கோர்ட்டிலேயே முடிந்தாக வேண்டும்.

அந்த வேலையில் முக்கியமானது ஃபோர்ஹேண்ட், ராக்கெட் பிடித்த கைப்பக்கம் வரும் பந்தை அடிப்பது. மர்ரேவின் பேக்ஹேண்டும் (மறுபக்க அடி) ரிட்டர்னும் (எதிராளியின் சர்வைத் திருப்பி அடிப்பது) முன்பே முதல் தரம். ஃபோர்ஹேண்டை மட்டும் பத்திரமாகக் கிராஸ்கோர்ட்டில், அதாவது குறுக்காக, தூக்கிப் போட்டுக்கொண்டிருப்பார். அது கோழைத்தனம் இல்லை, கணக்கு. குறுக்காக அடித்தால் மூலைக்கு மூலை 25 மீட்டருக்குக் கொஞ்சம் மேல் இடம் உண்டு. பந்து தாண்டுவதும் வலையின் தாழ்ந்த நடுப்பகுதியை, 91 சென்டிமீட்டர். பக்கவாட்டு லைனை ஒட்டி நேராக அடித்தால் 23.77 மீட்டர்தான், ஓரத்தில் வலையும் ஏறக்குறைய 1.07 மீட்டர். குறுக்காக வரும் பந்தின் திசையை வேறு மாற்ற வேண்டும். ராக்கெட் கொஞ்சம் பிந்தினாலும் பந்து வெளியே. எனவே கோர்ட்டின் பின்கோட்டுக்குப் பின்னால் நின்றுகொண்டு இதை முயன்றால் பிழைதான் மிஞ்சும். ஒரு அடி உள்ளே வந்து, உடம்புக்கு முன்னாலேயே பந்தைச் சந்தித்து, சுழலைக் குறைத்து அடிக்க வேண்டும். தட்டையான, துணிச்சலான அந்த ஃபோர்ஹேண்ட்தான் லெண்டில் வந்த பிறகு தெரிந்த மாற்றம். ஓடிக்கொண்டே லைனோரம் அடிப்பது அவருடைய சொந்த முத்திரை ஆயிற்றே.

இன்னொன்று, யாரும் காசு கொடுத்து வாங்க முடியாதது. லெண்டிலும் தன் முதல் நான்கு கிராண்ட்ஸ்லாம் (நான்கு பெரிய போட்டிகள்) இறுதிகளில் தோற்றவர். ஐந்தாவது 1984 பிரெஞ்சு ஓபன். மெக்கன்ரோவிடம் இரண்டு செட் இழந்தபின் ஜெயித்தார். மர்ரேவும் நான்கு தோற்று, 2012 அமெரிக்க ஓபனில் ஐந்தாவதை வென்றார். மனசு விட்டுப்போவது எப்படி என்று தெரிந்தவர் பக்கத்தில் இருந்தார்.

"லெண்டில் பக்தன்" என்று கமெண்டில் வராதீர்கள். அவர் பிறகு கோச்சாக இருந்த வீரர் ஸ்வெரேவுடன் 2018-இல் ஏடிபி ஃபைனல்ஸ் (ஆண்டிறுதிப் போட்டி) கிடைத்தது, கிராண்ட்ஸ்லாம் கிடைக்கவில்லை, ஓராண்டுக்குள் பிரிந்தார்கள். லெண்டிலே விம்பிள்டன் வென்றதில்லை; 1986, 1987 இரண்டு இறுதியும் போயின. 1990-இல் விம்பிள்டனின் புல்தரைக்குத் தயாராவதற்காகப் பிரெஞ்சு ஓபனையே விட்டுப் பார்த்தார், விம்பிள்டனில் அரையிறுதியோடு சரி.

ஒரு ஆதங்கம் மட்டும். நடுவில் மர்ரேவின் கோச்சாக இருந்த முன்னாள் வீராங்கனை அமெலி மொரெஸ்மோவைப் பெண் என்பதாலேயே கிழித்தார்கள். களிமண்ணில் மர்ரேவின் முதல் இரண்டு பட்டங்கள், மியூனிக்கும் மாட்ரிட்டும், 2015-இல் அவர் காலத்தில் வந்தவை. அவர் விம்பிள்டன் சாம்பியன் வேறு. தோற்றால் கோச், ஜெயித்தால் ஆட்டக்காரர் என்ற கணக்கு அவருக்கு மட்டும் ஏனோ ரொம்பக் கறாராக இருந்தது.