ஃபேண்டஸி பேஸ்பால் லீக்கில் மைனர் லீக் வீரர்களைக் கையில் வைத்திருக்க என்ன விதிகள் எழுத வேண்டும்?

கேள்வியின் சுருக்கம் (ஃபேண்டஸி பேஸ்பால் என்பது நிஜ வீரர்களை வைத்துக் கற்பனை அணி அமைத்து, அவர்களுடைய நிஜ ஆட்டக் கணக்குகளால் மோதுவது): பன்னிரண்டு அணிகள், ஏலத்தில் செலவிட அணிக்கு 260 டாலர், அணிக்கு 23 வீரர்கள். அடுத்த சீசனிலிருந்து கீப்பர் லீக்காக, அதாவது வீரர்களை மறு ஆண்டுக்கும் தக்கவைக்கும் லீக்காக, மாற்றப்போகிறார்கள். முக்கிய அணிக்கு வெளியே மைனர் லீக் (மேஜர் லீக்குக்குக் கீழே இளைஞர்கள் பழகும் அடுக்கு) வீரர்கள் சிலரையும் ஒவ்வோர் அணியும் வைத்துக்கொள்ளலாம். எத்தனை பேர், எவ்வளவு காலம், என்ன விலை?

எத்தனை பேர் என்பதில்தான் எல்லாரும் முதலில் மல்லுக்கு நிற்பார்கள். அது வெறும் பெருக்கல் கணக்கு. லீக்குகளில் சண்டை வருவது வேறு இரண்டு இடங்களில்: ஒருவர் எப்போது ப்ராஸ்பெக்ட் (மேலே வரக் காத்திருக்கும் இளம் வீரர்) இல்லை என்று ஆகிறார், ஆன பிறகு அவரைத் தக்கவைக்க என்ன விலை. இந்த இரண்டையும் யாரும் வாதாட இடமில்லாதபடி எண்களில் எழுதிவிட்டால், மற்றதையெல்லாம் போகப்போகத் திருத்திக்கொள்ளலாம்.

கணக்கை முதலில் முடித்துவிடுகிறேன். அணிக்கு 5 இடம் என்றால் லீக்கில் 60 பேர். எல்லாரும் பார்க்கிற ப்ராஸ்பெக்ட் தரவரிசைப் பட்டியல்கள் முதல் 100 பேரைத் தருகின்றன. ஆக, ஆண்டுதோறும் மார்ச்சில் நடக்கும் ப்ராஸ்பெக்ட் டிராஃப்டில் (முறைபோட்டு ஆள் எடுப்பதில்) 40 நல்ல பெயர்களாவது மிச்சம் இருக்கும். புதிதாக ஆட வந்தவரும் ஏமாற மாட்டார். 10 இடம் என்றால் 120 பேர், பட்டியல் தீர்ந்துபோகும். அதற்கப்புறம் டொமினிக்கன் கோடை லீக்கில் ஆடும் 17 வயதுப் பையன்களைத் தேட வேண்டும். அந்தத் தேடல் சிலருக்கு அலாதி ருசி, பலருக்கு வீட்டுப்பாடம். பன்னிரண்டு பேரில் எட்டுப் பேராவது மைனர் லீக் ஆட்டக் கணக்குகளை விரும்பிப் படிப்பவர்கள் என்றால் மட்டும் 10 வையுங்கள். கீப்பராக மாறும் முதல் ஆண்டில் 5 போதும். கூட்டுவது எளிது, குறைத்தால், யாரைக் கைவிடுவது என்று ஒவ்வோர் அணியும் முறைத்துக்கொள்ளும்.

இனி, ஒருவர் எப்போது ப்ராஸ்பெக்ட் இல்லை என்று ஆகிறார் என்ற கேள்வி. அமெரிக்க மேஜர் லீக் ஒருவரை ரூக்கி, அதாவது புதுமுகம், என்று கணக்கிட மூன்று வரம்புகள் வைத்திருக்கிறது: மட்டையாளருக்கு 130 அட்-பேட் (மட்டை பிடித்த முறைகள்), பந்துவீச்சாளருக்கு 50 இன்னிங்ஸ் (மூன்று அவுட் ஒரு இன்னிங்ஸ்), அல்லது மேஜர் லீக் அணியில் 45 நாள். உங்கள் விதியில் முதல் இரண்டை மட்டும் எடுங்கள். 45 நாள் கணக்கு வேண்டாம். காயப் பட்டியலில் இருந்த நாட்களை அதில் கழிக்க வேண்டும், செப்டம்பர் நாட்களைச் சேர்ப்பதா என்பதில் பழைய ஆண்டுகளுக்கு ஒரு முறை, இப்போது ஒரு முறை; ஃபேண்டஸி தளத்தில் அந்த எண் கண்ணிலும் படாது. அட்-பேட்டும் இன்னிங்ஸும் எல்லாத் தளத்திலும் ஒரு சொடுக்கில் தெரியும்.

விதியின் வாசகம் இப்படி இருக்கட்டும்: “மேஜர் லீக் வழக்கமான சீசன் ஆட்டங்களில், வாழ்நாள் மொத்தமாக, 130 அட்-பேட்டையோ 50 இன்னிங்ஸையோ தாண்டியவர் ப்ராஸ்பெக்ட் அல்ல. இரண்டில் எதை முதலில் தாண்டினாலும் சரி. கணக்கு பார்க்கும் நாள், வழக்கமான சீசனின் கடைசி நாள்.”

இதில் ஒவ்வொரு சொல்லுக்கும் வேலை இருக்கிறது. ‘தாண்டியவர்’ என்பதால் 130 அட்-பேட்டில் நிற்பவர் இன்னும் உள்ளே, 131 என்றால் வெளியே. பந்துவீச்சாளருக்கு 50.0 உள்ளே, 50.1 வெளியே, அந்தப் புள்ளிக்குப் பின்னால் இருப்பது தசமம் இல்லை, மூன்றில் ஒரு பங்கு என்பதை விதியிலேயே எழுதிவையுங்கள். ‘வாழ்நாள் மொத்தம்’ இல்லாவிட்டால், மூன்று ஆண்டுகள் ஆண்டுக்கு 100 அட்-பேட் ஆடியவரும் ப்ராஸ்பெக்ட்தான் என்று ஒருவர் வாதாடுவார். அட்-பேட் என்பது பிளேட் அப்பியரன்ஸ் அல்ல. வாக், பந்து உடம்பில் பட்டது, தியாக அடி எதுவும் அதில் சேராது. அதனால் வாக் அதிகம் வாங்குகிற மட்டையாளர் ஒரு வாரம் பத்து நாள் கூடுதலாக உள்ளே இருப்பார். அது இருந்துவிட்டுப் போகட்டும்.

‘வழக்கமான சீசன்’ என்ற சொல் ரேண்டி அரோசரேனாவுக்காக. 2020 போஸ்ட்சீசனில் (வழக்கமான சீசன் முடிந்த பின் நடக்கும் கோப்பை ஆட்டங்களில்) 10 ஹோம் ரன் அடித்து நாடே பேசிய ஆள், மறு ஆண்டு 2021இல் அமெரிக்கன் லீக்கின் (மேஜர் லீக்கின் இரு பிரிவுகளில் ஒன்று) சிறந்த ரூக்கி விருது வாங்கினார். போஸ்ட்சீசன் அட்-பேட்டுகள் கணக்கில் வராததால்தான் அது நடந்தது. ‘எதை முதலில் தாண்டினாலும்’ என்பது ஷோஹெய் ஓஹ்டானி போல மட்டையும் பிடித்துப் பந்தும் வீசுகிறவர்களுக்கு.

மேஜர் லீக்கில் ஒரு ஆட்டம் ஆடினாலே ப்ராஸ்பெக்ட் இல்லை என்று சில லீக்குகள் வைக்கின்றன. எனக்கு அது பிடிக்காது. மைக் ட்ரவுட் 2011இல் 123 அட்-பேட் ஆடினார், சுமாராகத்தான். 2012இல் ரூக்கி விருது. கார்பின் கேரல் 2022 ஆகஸ்ட் கடைசியில் வந்து 104 அட்-பேட். கன்னர் ஹெண்டர்சன் அதே வாரத்தில் வந்து 116. இருவரும் 2023இல் ஆளுக்கொரு லீக்கில் ரூக்கி விருது வாங்கினார்கள். சீசன் முடிவில் எட்டிப்பார்த்துவிட்டுப் போகிற இளைஞர்களுக்கு 130 வரம்பு சரியாகப் பொருந்துகிறது. ஒரு மாத ஆட்டத்துக்காக அவர்களைக் காத்திருந்து வளர்த்தவரிடமிருந்து பிடுங்கக் கூடாது.

ஒரு ஓட்டை மட்டும் உண்டு: ரிலீஃப் பந்துவீச்சாளர், அதாவது ஆட்டத்தின் நடுவில் மாற்றாக வருபவர். ஆட்டத்துக்கு ஒரு இன்னிங்ஸ் வீசுகிறவர் 50ஐத் தாண்ட ஒரு முழு சீசன் ஆகலாம், சமயத்தில் தாண்டாமலும் போகலாம். முன்னிலையைக் காத்து ஆட்டத்தை முடித்து ‘சேவ்’ எடுக்கும் குளோசரை அடுத்த ஆண்டும் ப்ராஸ்பெக்ட் இடத்தில் வைத்திருப்பது அநியாயம். அதனால் பந்துவீச்சாளருக்கு மட்டும் ‘அல்லது 30 ஆட்டங்கள்’ என்று சேருங்கள்.

இப்போது விலை. 260 டாலரை 23 பேருக்குப் பிரித்தால் ஒருவருக்குச் சராசரி 11 டாலர் சொச்சம். ப்ராஸ்பெக்ட் இடத்தில் இருக்கும்வரை சம்பளம் இல்லை. வரம்பைத் தாண்டும் சீசனில் 5 டாலர், பிறகு 10, 15, 20. நான்கு சீசன் முடிந்ததும் கட்டாயமாக ஏலத்துக்குத் திரும்ப வேண்டும். முதல் ஆண்டு சராசரியில் பாதிக்கும் குறைவு, கடைசி ஆண்டு கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. நட்சத்திரமாக வளர்ந்தவருக்கு 20 கூட மலிவுதான். அது காத்திருந்தவருக்கான கூலி. சுமாராக நின்றுவிட்டவரை 15 டாலருக்கு யாரும் வைத்திருக்க மாட்டார்கள், தானாகவே ஏலத்துக்கு வருவார். முடிவு ஆண்டே இல்லாமல் விட்டால் ஐந்தாறு ஆண்டில் ஏலத்தில் வாங்கத் தகுந்த ஆளே இருக்க மாட்டார். ஏலம் வேண்டாம், சுற்று முறை டிராஃப்ட்தான் என்றால் இதையே, அவரைத் தக்கவைக்க விட்டுக்கொடுக்கும் தேர்வு என்று, 23, 18, 13, 8ஆம் சுற்றுகளாக வைக்கலாம். ஆட்டோநியூ தளம் இதை வேறு விதமாகத் தீர்த்திருக்கிறது: 12 அணிகள், 40 பேர், 400 டாலர், சீசன் முடிந்ததும் மேஜர் லீக்கில் ஆடியவருக்கு 2 டாலர், ஆடாதவருக்கு 1 டாலர் விலை ஏறும். தனி ப்ராஸ்பெக்ட் இடமே கிடையாது. அழகான ஏற்பாடு, ஆனால் உங்கள் 260 டாலர் அமைப்போடு ஒட்டாது.

முதலாண்டு எப்போது தொடங்குகிறது என்பதில் தேதி எதையும் வைக்காதீர்கள். ‘தொடக்க நாளில் அணியில் இருந்தால் அந்த ஆண்டு கணக்கில் சேரும்’ என்று எழுதினால், எல்லாரும் ப்ராஸ்பெக்டை இரண்டாம் நாள் முக்கிய அணிக்கு ஏற்றுவார்கள். நிஜ கிளப்புகளே இதைச் செய்தவை. சிகாகோ கப்ஸ் 2015இல் கிரிஸ் பிரையன்ட்டை ஏப்ரல் 17 அன்றுதான் ஏற்றியது. அந்த ஆண்டு அவருக்குச் சேர்ந்த சேவை நாள் (மேஜர் லீக் அணியில் இருந்த நாள்) 171. முழு ஆண்டாகக் கணக்கிட 172 வேண்டும். அந்த ஒரு நாளுக்காக முறையிட்டும் 2020இல் அவர் தோற்றார். நம் விதியில் வரம்பைத் தாண்டுகிற சீசன்தான் முதலாண்டு. உரிமையாளர் அவரை முக்கிய அணிக்கு ஏற்றினாலும் ஏற்றாவிட்டாலும் கடிகாரம் ஓடும். ஏற்றவில்லை என்றால் அவருடைய ரன்களும் ஹோம் ரன்களும் உங்கள் கணக்கில் சேராது, அவ்வளவே. பால் ஸ்கீன்ஸ் 2024 மே 11 அன்று முதல் ஆட்டம் ஆடி, அந்த ஆண்டே 50 இன்னிங்ஸைத் தாண்டினார். அவருக்கு 2024தான் 5 டாலர் ஆண்டு, 2027இல் 20.

ஏற்றியவரை மறுபடி இறக்கலாமா? வரம்பைத் தாண்டாதவரை, சீசனுக்கு ஒரு முறை, என்று வையுங்கள். ஜாக்சன் ஹாலிடே 2024 ஏப்ரலில் பெரும் எதிர்பார்ப்போடு வந்து 34 அட்-பேட்டில் 2 ஹிட் மட்டுமே எடுத்து, மாதம் முடிவதற்குள் மைனர் லீக்குக்குத் திருப்பி அனுப்பப்பட்டார். நிஜ அணிக்கே இப்படி இறக்க ‘ஆப்ஷன்’ என்ற வசதி இருக்கும்போது உங்கள் ஆட்களுக்கும் ஒன்று இருக்கட்டும். ஒன்றுக்கு மேல் கொடுத்தால், ஆட்டம் உள்ள நாளில் ஏற்றி இல்லாத நாளில் இறக்கிக் கூடுதல் பெஞ்சாகப் பயன்படுத்துவார்கள்.

யாஹூ தளத்தில் ஆடுகிறவர்கள் அடிக்கடி தடுக்கி விழுவது என்ஏ (NA) என்ற இடத்தில். அது ப்ராஸ்பெக்ட் இடம் அல்ல. இன்று மேஜர் லீக் அணியில் செயலில் இல்லை என்பதை மட்டுமே அந்தக் குறி சொல்கிறது. மைனர் லீக்கின் மேல் அடுக்கான டிரிபிள்-ஏவுக்கு இறக்கப்பட்ட ஐந்து ஆண்டு அனுபவசாலிக்கும் அது விழும். போதாததற்கு, அங்கே இருக்கும் இளைஞர் மேலே வந்த நாளில் அவரை நகர்த்தும்வரை புது ஆள் எடுக்க முடியாமல் மாட்டிக்கொள்வீர்கள். ஃபேன்ட்ராக்ஸ் தளத்தில் தனி மைனர் இடங்களும், ஆழமான வீரர் பட்டியலும், வரம்பை நீங்களே அமைக்கும் வசதியும் உண்டு. வேறு தளத்தில்தான் ஆடுவோம் என்றால் ப்ராஸ்பெக்டுகளைத் தனியே ஒரு கூகுள் ஷீட்டில் வையுங்கள்: பெயர், நிஜ அணி, எடுத்த ஆண்டு, மொத்த அட்-பேட் அல்லது இன்னிங்ஸ், முதலாண்டு. ஷீட்டில் உள்ளதுதான் செல்லும் என்று விதியில் ஒரு வரி வேண்டும். திருத்தும் அனுமதி லீக்கை நடத்தும் கமிஷனருக்கு மட்டும், பார்க்கும் அனுமதி எல்லாருக்கும்.

யாரை எடுக்கலாம்? மேஜர் லீக் அமைப்பு ஒன்றோடு ஒப்பந்தம் போட்டவரை மட்டும். கல்லூரி, பள்ளி வீரர்கள் வேண்டாம். மேஜர் லீக்கின் அமெச்சூர் டிராஃப்ட் இப்போது ஜூலையில் நடக்கிறது, 20 சுற்று. வெளிநாட்டு இளைஞர்கள் ஒப்பந்தம் போடும் காலம் ஜனவரி 15 அன்று தொடங்குகிறது. ஜூலையில் தேர்வானவரைச் சீசன் நடுவிலேயே எடுக்கவிட்டால், அன்று இரவு விழித்திருந்தவருக்கே எல்லாம் போகும். அடுத்த மார்ச் டிராஃப்ட் வரை பூட்டிவையுங்கள். ஸ்கீன்ஸ் 2023 ஜூலையில் முதலாவதாகத் தேர்வானவர். 2024 மார்ச்சில் எடுத்தவருக்கு மே மாதமே பலன் கிடைத்தது, தாமதத்தால் யாருக்கும் நஷ்டமில்லை.

ஜப்பானிலிருந்து வருகிறவர்களால் ஒவ்வோர் ஆண்டும் தகராறு வரும். நிஜ விதியையே கோடாக எடுங்கள்: 25 வயது நிரம்பாதவர் அல்லது ஆறு சீசன் தொழில்முறை ஆட்டம் இல்லாதவர் அமெச்சூர் விதியில், மைனர் லீக் ஒப்பந்தத்தில்தான் வர முடியும். ஓஹ்டானியும் ரோகி சசாகியும் அப்படித்தான் வந்தார்கள். அவர்கள் ப்ராஸ்பெக்ட் டிராஃப்டுக்கு. யோஷினோபு யமமோட்டோ 2023 டிசம்பரில் 12 ஆண்டுக்கு 325 மில்லியன் டாலர் ஒப்பந்தத்தோடு வந்தவர். அவர் போன்றவர்கள் நேரே ஏலத்துக்கு. ஜாக்சன் சோரியோ மேஜர் லீக்கில் ஒரு ஆட்டமும் ஆடாமலே 8 ஆண்டு, 82 மில்லியன் ஒப்பந்தம் போட்டது வேறு கதை. அவர் ஏற்கெனவே மில்வாக்கியின் மைனர் லீக் வீரர். சம்பளம் எவ்வளவானாலும் அட்-பேட் கணக்குத்தான் பேசும்.

சீசன் நடுவில், யாரிடமும் இல்லாத இளைஞர் திடீரென மேலே வந்தால் வாராந்திர ஏலத்தில் எடுக்கலாம். ஆனால் முக்கிய அணியில் மட்டுமே வைக்கலாம், ப்ராஸ்பெக்ட் இடத்துக்கு இறக்கக் கூடாது. இல்லையென்றால் டிராஃப்டுக்கே மதிப்பு இருக்காது. காயப்பட்டவருக்குத் தனி இடமும் கொடுக்காதீர்கள். டாமி ஜான் எனும் முழங்கை அறுவை செய்த பந்துவீச்சாளர் திரும்ப 12 முதல் 18 மாதம் ஆகும். அந்தக் காத்திருப்பைத் தாங்குவதா, விடுவதா என்று முடிவெடுப்பதும் ஆட்டத்தின் ஒரு பகுதி.

டிராஃப்ட் வரிசையைக் கடைசி இடத்திலிருந்து மேலே என்று வைத்தால், ஆகஸ்டில் சிலர் வேண்டுமென்றே தோற்பார்கள். பிளேஆஃபுக்குப் போகாத அணிகளில் முதலாவதாக வருபவருக்கு முதல் தேர்வு கொடுங்கள். கடைசி வாரம் வரை எல்லாரும் ஆடுவார்கள். வரும் ஆண்டுத் தேர்வைத் தடையின்றிப் பரிமாற்றம் செய்யலாம். அதற்கடுத்த ஆண்டுத் தேர்வை விற்கிறவர் அந்த ஆண்டுக் கட்டணத்தையும் இப்போதே கட்ட வேண்டும். இந்த ஒரு வரி இல்லாமல், எதிர்காலம் முழுவதையும் விற்றுக் கோப்பை வாங்கிவிட்டு விலகிப் போனவரின் காலி அணியை எடுக்க ஆள் கிடைக்காமல் நின்ற லீக்குகள் உண்டு.

கடைசியாக, ப்ராஸ்பெக்ட் தொடர்பான எந்த விதி மாற்றமும் வாக்கெடுப்பு முடிந்த அடுத்த சீசனைத் தாண்டி, அதற்கடுத்த சீசனில்தான் அமலுக்கு வர வேண்டும். 2021 ஜனவரியில் 16 வயதில் ஒப்பந்தம் போட்ட சோரியோ மேஜர் லீக்குக்கு வந்தது 2024இல். மூன்று ஆண்டு காத்திருக்கத் தயாராக ஒருவர் பெயரை எடுத்தவர், எந்த விதியை நம்பி எடுத்தாரோ அது திடீரென்று காலடியில் நழுவக் கூடாது.